ஸ்டீல் கிட்டார் தட்டுகளைத் தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு

மடியில் படுக்கவைத்த கிட்டார், இடது கையில் ஓர் எஃகுத் துண்டு, அது தந்தி மேல் வழுக்கிப் போகும்போது எழும் இழுப்பு. இந்த ஒலியைக் கைபேசியில் எங்கேயோ கேட்டு மனம் பறிகொடுத்த பிள்ளைகள் சிலர் கூடுவாஞ்சேரிக்கு என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தாவ் மோயே வாசித்த பழைய தட்டுகள் எங்கே கிடைக்கும்? ரயில்வேயில் வேலை பார்த்த காலம் முதல் இந்த வாத்தியத்தின் தட்டுகளைச் சேர்த்துவருகிறேன். வருகிறவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். தேடுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

1. தட்டைத் தேடும் முன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாவ் மோயே 1908-இல் சமோவாவில் பிறந்தவர். வளர்ந்தது ஹவாயின் ஓஆஹு தீவில், லாயியே என்ற ஊரில். இந்த வாத்திய முறையைக் கண்டவர் என்று பலரும் ஏற்கும் ஜோசப் கெகுகுவுக்கும் அதே ஊர்தான். 1889 வாக்கில், பள்ளி மாணவராக இருந்தபோது, கெகுகு எஃகை வைத்துத் தந்தியை இழைத்து வாசிக்கத் தொடங்கினார் என்பது வரலாறு. இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அதற்கும் முன்பே இப்படி வாசித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தாவ் மோயே 1920-களின் கடைசியில் 'மேடம் ரிவியேர்ஸ் ஹவாயன்ஸ்' என்ற குழுவோடு ஆசியப் பயணம் கிளம்பினார். மனைவி ரோஸ் பாடகி. 1929-இல் டோக்கியோவில் அந்தக் குழு தட்டுகள் கொடுத்தது. பிறகு ஊர் ஊராக வாசிப்பு. 1941 முதல் 1947 வரை கல்கத்தாவில் குடியிருந்து, கிராண்ட் ஹோட்டலில் வாசித்தார். கேட்டு வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதன்பின் ஐரோப்பா. மகன் லானியும் மகள் டோரியனும் மேடையிலேயே வளர்ந்தார்கள். 1970-களின் இறுதியில்தான் குடும்பம் லாயியே திரும்பியது. 2004-இல் அவர் காலமானார்.

இந்தப் பயணத்தை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுங்கள். அந்தக் காலத்தில் ஒரு கலைஞர் எந்த ஊரில் தங்கினாரோ அந்த ஊர்க் கம்பெனிக்குத்தான் தட்டு கொடுப்பார். ஹொனலுலுவில் மட்டும் தேடுகிறவருக்கு மோயே கிடைக்கமாட்டார். அவர் ஹவாயில் இல்லாத ஐம்பது ஆண்டுகளில்தான் அவருடைய தொழில் வாழ்க்கை முழுக்க நடந்தது.

2. லேபிளில் அவர் பெயர் இல்லாமல் இருக்கலாம் என்று தெரிந்தே தேடுங்கள்.

1929 தட்டுகள் குழுவின் தலைவியான ரிவியேர் அம்மையாரின் பெயரைத் தாங்கியவை. வாசித்தவர் யார் என்பது அவற்றில் துலங்காது. ஹவாயன் இசை எங்கும் இதே நிலைதான். குழுப்பெயர் பெரிதாக இருக்கும், கிட்டார்காரர் பெயர் விடுபட்டிருக்கும். நம் படப்பாடல் தட்டுகளும் அப்படித்தானே? படம், பாடகர், இசையமைப்பாளர் மூன்றோடு லேபிள் முடிந்துவிடும். ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளில் ஸ்டீல் கிட்டாரை உருக உருக இழைத்தவர்களில் பலர் இன்றும் பெயரில்லாமல் கிடக்கிறார்கள். ஆகவே ஒரு பெயரை மட்டும் நம்பி நிற்காதீர்கள். குழுப்பெயர், பாடியவர் பெயர், குழு நடத்தியவர் பெயர், எழுத்துக்கூட்டல் மாறிய பெயர் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

3. குரு கிடைக்காத இடத்தில் சீடர்களிடமிருந்து தொடங்குங்கள்.

மோயேயின் கல்கத்தா நாட்களில் அவருடைய நட்பிலும் பாதிப்பிலும் வளர்ந்தவர் கார்னி நிஸ். அவருடைய 'அலோஹா பாய்ஸ்' குழு எச்.எம்.வி.க்குத் தட்டுகள் கொடுத்தது. அங்கிருந்துதான் வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டு வாத்தியமாக மாறியது; ரவீந்திர சங்கீதத்தையே அதில் வாசிக்கும் மரபு ஒன்று உருவானது. சுனில் கங்குலியின் இசைத்தட்டுகள் அந்த ஊற்றிலிருந்து வந்தவை. பம்பாய்ப் பக்கம் வான் ஷிப்லியும் ஹஜாரா சிங்கும். லக்னோவில் பிறந்த ஷிப்லி, தானே வடிவமைத்த எட்டுத் தந்தி மின்கிட்டாரில் இந்திப் பட மெட்டுகளை வாசித்தார்; அக்கார்டியன் வாசித்த ஏனோக் டேனியல்ஸோடு சேர்ந்து அவர் செய்த மேடைகளை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. ஜோத்பூர் பிரிஜ் பூஷண் காப்ரா அதே கிட்டாரை மடியில் வைத்து ராகம் வாசித்தவர். அலி அக்பர் கானின் சீடர். ஷிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா இருவரோடும் அவர் சேர்ந்து வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' தட்டு இன்றைக்கும் எளிதாகக் கிடைக்கும்.

மோயேயின் அசல் தட்டு உங்கள் கைக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ, சொல்ல முடியாது. ஷிப்லியையும் சுனில் கங்குலியையும் சென்னைப் பழைய தட்டு வியாபாரிகளிடம் அடுத்த மாதமே பார்க்கலாம். அவற்றில் தொடங்குங்கள். கை பழகும், காது பழகும், விலை தெரியும், வியாபாரிகள் முகம் தெரியும். அரிய தட்டு வரும்போது அந்தப் பழக்கம்தான் உங்களுக்குச் செய்தி கொண்டுவரும்.

4. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இது ஒன்றைச் சரியாகக் கற்றாலே பாதி வேலை முடிந்தது. 78 சுழற்சித் தட்டில் இரண்டு வகை எண்கள் உண்டு. லேபிளில் அச்சடித்திருப்பது விற்பனைக்கான பட்டியல் எண். தடம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் மினுமினுப்பாக ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அதில் அழுத்தியிருப்பது மேட்ரிக்ஸ் எண். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நேராகப் பிடிக்காமல் தட்டின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் நிழல் விட்டு எழுந்து நிற்கும். கடைசியில் சிறு கோடு போட்டு 1 என்றோ 2 என்றோ இருந்தால், அது எத்தனையாவது முறை வாசித்த பதிவு என்பதைச் சொல்வது. ஒரே பாட்டு, ஒரே பட்டியல் எண். ஆனால் வெவ்வேறு வாசிப்பு. அப்படிப்பட்ட தட்டுகளும் உண்டு.

ஒரே பதிவு நாலு நாட்டில் நாலு பட்டியல் எண்ணில் வெளியாகியிருக்கலாம். பெரும்பாலும் மேட்ரிக்ஸ் எண் மாறாது. எந்த ஸ்டூடியோ, எந்தக் காலம் என்பதை அதை வைத்துத்தான் அறிஞர்கள் கணிக்கிறார்கள். கிராமபோன் கம்பெனிப் பதிவுகளுக்கு ஆலன் கெல்லி தன் வாழ்நாளைச் செலவிட்டுத் தொகுத்த அட்டவணை இருக்கிறது. ஹவாயன் இசைக்கென்றே மால்கம் ராக்வெல் 1891 முதல் 1960 வரையிலான தட்டுகளைத் தொகுத்திருக்கிறார். இந்தியத் தட்டுகளின் தொடக்க காலத்துக்கு மைக்கேல் கின்னியரின் நூல்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு இவற்றைப் புரட்டும் பிள்ளை, தட்டைக் காசு கொடுத்து வாங்கும் முன்பே அது என்னவென்று தெரிந்துகொள்வான்.

5. காதால் காலம் கணிக்கப் பழகுங்கள்.

1925-க்கு முன் எல்லாப் பதிவும் கொம்பு வழியாகத்தான். ஒலி ஒடுங்கி, தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அதன்பின் மைக் வந்தது. அடித்தந்தி கேட்கத் தொடங்கியது. 1927-இல் நேஷனல் கம்பெனியின் உலோக உடல் கிட்டார் வந்தது. அதன் கணீர் ஒலியை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு விடாது. 1932 வாக்கில் ரிக்கன்பேக்கர் மின்கிட்டார். நாதம் நீண்டு, வற்றாமல் நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்திய பதிவு. லேபிள் கிழிந்த தட்டைக்கூட இந்த மூன்று அடையாளங்களை வைத்து ஒரு பத்தாண்டுக்குள் அடைத்துவிடலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கோட்டுவாத்தியம் நம்முடையது. திருவிடைமருதூர் சகாராம ராவும், நாராயண ஐயங்காரும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் தந்தி மேல் கட்டையை இழைத்துக் கமகம் பேசவைத்த வாத்தியம் அது. செம்மங்குடி சீனிவாச ஐயரே சகாராம ராவிடம் பயின்றவர்தான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை எப்படி இருக்கிறது, எங்கே அழுத்துகிறார், எங்கே விடுகிறார் என்று கோட்டுவாத்தியத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு, இரண்டு ஸ்டீல் கிட்டார்காரர்களைப் பிரித்தறிவது சிரமமே இல்லை. சோல் ஹூபியின் வேகம் வேறு, பிராங்க் ஃபெரேராவின் நிதானம் வேறு. மோயே வாசிப்பில் பாட்டு எப்போதும் முன்னால் நிற்கும். ரோஸ் பாடும்போது கிட்டார் அவருடைய மூச்சுக்கு இடம் கொடுத்து ஒதுங்கும். நாராயண ஐயங்கார் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள். பிறகு மோயேவைக் கேளுங்கள். நான் சொல்வது விளங்கும்.

6. மனிதர்களை முதலில் பாருங்கள். தட்டு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் பாப் பிரோஸ்மன் என்று ஒரு கிட்டார் கலைஞர் இருந்தார். பழைய ஹவாயன் தட்டுகளைச் சேர்ப்பதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அவர் போற்றிய பதிவுகளில் ரிவியேர் குழுவின் அந்த 1929 டோக்கியோ தட்டுகளும் அடக்கம். 1980-களில் ஒருநாள் அவருடைய சொந்த இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு ஹவாயிலிருந்து கடிதம் வருகிறது. எழுதியவர் தாவ் மோயே. அந்த அரிய தட்டுகளில் வாசித்த அதே மனிதர், எண்பது வயதை நெருங்கி, மனைவியோடு லாயியேயில் இருக்கிறார்! பிரோஸ்மன் புறப்பட்டுப் போனார். இளமையில் வாசித்த அதே பாட்டுகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து மறுபடி பதிவு செய்தார்கள். ரோஸ் பாடினார். 1989-இல் ரவுண்டர் கம்பெனி அதை வெளியிட்டது. அசல் தட்டுகள் என்றென்றும் கிடைக்காமல் போயிருந்தாலும், அந்த இசை எப்படி இருந்தது என்பது அன்றைக்குக் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஸ்டீல் கிட்டார் வரலாற்றில் இதைவிடப் பெரிய கண்டெடுப்பு எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. அது ஒரு கடிதத்தால் நடந்தது.

நம் பகுதியிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். தாம்பரம், பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் ரயில்வே குடும்பங்களில், குறிப்பாக ஆங்கிலோ இந்தியர் வீடுகளில், ஹவாயன் கிட்டார் ஒரு காலத்தில் சகஜம். தாம்பரத்தில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தட்டுகளையெல்லாம் எப்போதோ விற்றுவிட்டார். ஆனால் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடந்த கிறிஸ்துமஸ் நடன நிகழ்ச்சியின் அச்சடித்த அட்டை. அதில் வாத்தியக்காரர்கள் பெயர் முழுவதும் இருந்தது, யார் எந்த வாத்தியம் என்பது உட்பட. எந்த லேபிளும் சொல்லாத விவரம் அது. அவர் பேசியதைப் பதிவு செய்துகொண்டேன். அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

போகும்போது எடுத்த எடுப்பில் "தட்டு இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நீங்க எங்க வாசிச்சீங்க தாத்தா, யார் கூட வாசிச்சீங்க?" என்று கேளுங்கள். உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த முறை போகும்போது பேசியதன் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

7. காகிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

அகில இந்திய வானொலி 'தி இண்டியன் லிஸனர்' என்ற பத்திரிகையை 1930-களிலிருந்து நடத்தியது. ஒவ்வொரு நிலையத்திலும் எந்த நாள், எந்த நேரம், யார், என்ன வாத்தியம் என்று அதில் வரும். சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. தமிழில் 'வானொலி' இதழ். கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. ஹோட்டல் நடன விளம்பரங்களையும் தியேட்டர் விளம்பரங்களையும் பொறுமையாகப் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் காத்துவருகிறது. மும்பையில் 1990 முதல் இயங்கும் இந்தியத் தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் இதழ்கள் உங்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம்.

நூலகத்துக்குப் போகும்போது என்ன தேடுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் உதவத் தயாராகவே இருக்கிறார்கள்.

8. நம் ஊரில் எங்கே பார்ப்பது?

சென்னையின் பழைய பொருள் சந்தையான மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1985 மே 30-இல் அது எரிந்தபோது எத்தனை தட்டு சாம்பலானது என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை. அதன் வியாபாரிகளில் பலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இன்னும் அங்கே விசாரிக்கலாம்.

எனக்கு அதைவிட நம்பிக்கை நம் புறநகர் மேல்தான். மாம்பலத்திலும் புரசைவாக்கத்திலும் வாடகைக்கு இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் ஊரப்பாக்கம், நந்திவரம், கூடுவாஞ்சேரி என்று மனை வாங்கிக் குடிவந்தார்கள். அவர்களோடு பெட்டிகளும் வந்தன. இப்போது அந்த வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடி ஆகின்றன. பரண்கள் காலியாகின்றன. ஜி.எஸ்.டி. சாலை நெடுக இருக்கும் பழைய பேப்பர், இரும்புக் கடைகளில் உங்கள் முகத்தைக் காட்டி வையுங்கள். "கறுப்பு ரிக்கார்டு வந்தா உடைக்காதீங்கண்ணே, எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வையுங்கள். வந்ததை நியாயமான விலைக்கு எடுங்கள். அவர் அழைத்தும் நீங்கள் போகவில்லையென்றால் இரண்டாவது முறை அழைக்கமாட்டார்.

9. வெள்ளமும் வெயிலும்.

78 தட்டு அரக்கு கலந்து செய்தது. அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போனது. அரக்குக்குச் சூடு ஆகாது. மொட்டைமாடி அறையில் படுக்கவைத்தால் வளைந்துவிடும். நிற்கவைத்து அடுக்குங்கள். கீழே போட்டால் உடையும், ஒட்ட முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், நம் மகாலட்சுமி நகர்ப் பக்கம் எத்தனை வீடுகளில் தட்டுப் பெட்டிகள் மூழ்கின! தட்டு பிழைத்தாலும் லேபிள் கரைந்து போனது. நனைந்த தட்டு கிடைத்தால் முதலில் லேபிளைப் படம் எடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் கலந்து, லேபிளைத் தொடாமல், தடத்தின் போக்கிலேயே மென்துணியால் துடைத்து, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அரக்குத் தட்டில் படக்கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், தடமே போய்விடும். வினைல் எல்.பி.க்குச் சொல்லும் யோசனைகளை இதற்குப் பின்பற்றாதீர்கள்.

10. கணினிக்கு மாற்றும்போது.

எல்.பி. ஊசியை 78-இல் வைக்காதீர்கள். அதன் தடம் மூன்று மடங்கு அகலம். மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவுள்ள ஊசி வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிந்து, எந்த இரைச்சல் நீக்கமும் செய்யாத கோப்பு ஒன்றை அப்படியே வைத்துவிடுங்கள். மெருகேற்றுவதைப் பிரதியில் செய்யுங்கள். கீறல் சத்தத்தை நீக்குகிறேன் என்று எஃகு தந்தியில் உரசும் மெல்லிய ஓசையையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அந்த உரசல்தான் வாசித்தவரின் கை.

எல்லாத் தட்டும் சரியாக 78-இல் பதிவானதல்ல. பழைய ஸ்டீல் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் ஏ மேஜரில் சுருதி கூட்டினார்கள். சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுந்தந்தி ஒலிக்கும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு சுருதிக்கு நடுவே நின்றால் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

11. கிடைத்ததைப் பூட்டி வைக்காதீர்கள்.

இதை மனதார வேண்டிக் கேட்கிறேன். ஒரே பிரதி இருக்கும் தட்டை அலமாரியில் வைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் காலத்துக்குப் பின் அது எங்கே போகும் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு. பாட்டை இயற்றியவரின் உரிமை தனி. அது அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். இரண்டையும் சரிபார்த்துவிட்டு, பகிரக்கூடியதைப் பகிருங்கள். பகிர முடியாததை ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள். எண், லேபிள் படம், யாரிடமிருந்து எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பு, மூன்றும் கோப்போடு சேர்ந்தே போகட்டும். குறிப்பு இல்லாத ஒலிக்கோப்பு, யார் வாசித்தது என்றே தெரியாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். மோயேயின் டோக்கியோ தட்டுகளுக்கு ஏறக்குறைய அறுபது வருடம் நேர்ந்தது அதுதான்.

சேகரிக்காத வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தாவின் பெட்டியைக் கடைக்குப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்புத் தட்டு இருந்தால் இரண்டு பக்க லேபிளையும் கைபேசியில் படம் எடுத்து, தேடுகிற பிள்ளை ஒருவருக்கோ நூலகம் ஒன்றுக்கோ அனுப்புங்கள். பதில் வரும்வரை பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.